ஆறு சதவீதக் கதவு

திறக்காத கதவுக்கு முன்னால் பட்டு வேட்டியும் மாலையுமாக நீங்கள் என்றைக்காவது நின்றிருக்கிறீர்களா? பக்கத்தில் ஒரு பசுமாடு, அதன் கன்று, பின்னால் ஒறம்பரை என்று எண்பது சொந்தக்காரர்கள். நான் நின்றிருக்கிறேன். கதவு எனக்குச் சொந்தம், வீடு எனக்குச் சொந்தம், சாவியும் என் கையில்தான் இருந்தது.

சாவி திரும்பியது. பூட்டு 'களுக்' என்றது. கதவு மட்டும் அசையவில்லை.

ஓர் ஐப்பசி மாதத்துக் காலை, எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து தென்னந்தோப்புகளின் மேல் உட்கார்ந்திருந்தது. நசநசவென்று தூறல். சாமியானாத் துணியில் தேங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரைக்குள் பசு உள்ளே போக வேண்டும், அதன் பின்னால் நாங்கள் போக வேண்டும். அப்போது மணி ஏழு ஐந்து.

"ஏனுங்க, நல்லாத் தள்ளுங்க" என்றாள் என் மனைவி ஈஸ்வரி. இடுப்பில் தண்ணீர்க் குடம், கையில் விளக்கு. உதடு அசையாமல் பேசினாள். சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம், வீடியோ ஓடுகிறது.

"தள்ளிட்டுத்தான் இருக்கறன் அம்மிணி" என்று நானும் உதடு அசையாமல் சொன்னேன்.

முப்பது வருஷம் ஈரத்தை அளந்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்பது, தோளை வைத்து அழுத்திய முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை அடுத்தவர் சரக்கைக் காய வைத்த கதைகளையே எழுதி வந்திருக்கிறேன். "ஊரு கதையெல்லாம் எழுதறீங்க, நம்மூட்டுக் கதவ எப்ப எழுதுவீங்க?" என்று போன வாரம் ஈஸ்வரி கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எழுதித் தொலைத்துவிடுவது நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஈரம் பாக்கற சார்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்தது கோவையில், உலர்த்தும் மிஷின் செய்கிற ஒரு கம்பெனியில். பெரிய இரும்பு அறை, உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், அவற்றின் நடுவே சுற்றி வரும் சூடான காற்று. கொப்பரை, மஞ்சள், மிளகாய், சேமியா, எதைக் கொடுத்தாலும் காய வைத்துக் கொடுக்கும். மிஷினை விற்பது வேறு ஆள். அதைக் கொண்டுபோய் மாட்டி, ஓட்டிக் காட்டி, ஓடாவிட்டால் திட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது நான்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஓர் ஈரமானி இருக்கும். சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி, முனையில் இரண்டு ஊசி. பொருளில் குத்தினால் உள்ளே எத்தனை சதவீதம் ஈரம் என்று எண் காட்டும். கையில் இருந்தால் சும்மா இருக்க முடியாது. கல்யாண மண்டபத்து நாற்காலி, பஸ் சீட்டுக் கட்டை, ஒருமுறை ஒறம்பரை வீட்டில் வைத்த தேங்காய் பர்பி, எல்லாவற்றையும் குத்திப் பார்த்திருக்கிறேன்.

"பொண்ணுப் பாக்க வந்தன்னைக்கு இந்த மிஷினு இவருகிட்ட இல்ல. இருந்திருந்தா என்னையும் ஒரு குத்துக் குத்திப் பாத்திருப்பாரு" என்று ஈஸ்வரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் உடுமலைப்பேட்டையில் ஒரு கொப்பரை வியாபாரியிடம் மாட்டிக்கொண்டேன். அவருக்கு அவசரம். எனக்கு அவரைவிட அவசரம், கடைசி பஸ் போய்விடும். சூட்டைத் தூக்கி வைத்து ஓட்டினேன். வெளியே எடுத்தால் கொப்பரை கல் மாதிரி இருக்கிறது, தட்டினால் டங் என்கிறது. அவர் ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்தார். மேல் ஓடு உடைந்தது, உள்ளே வழவழவென்று பச்சைத் தேங்காய்!

"சார், இத நீங்க காய வெக்கல. மேல ஒரு சொக்காயப் போட்டு உட்டுட்டீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் உலர்த்துவதன் அரிச்சுவடி எனக்குப் புரிந்தது. ஒரு பொருளின் மேலே இருக்கிற தண்ணீர் சீக்கிரம் போய்விடும், அதற்கு ஒரு விசிறி போதும். உள்ளே இருக்கிற தண்ணீர் மெல்லத்தான் நகர்ந்து மேலே வரும். அது வந்து சேருவதற்கு முன்னால் நாம் மேல்பக்கத்தை வாட்டிவிட்டால், அந்த மேல்தோலே மூடி ஆகிவிடும். உள்ளே இருப்பது உள்ளேயே கிடந்து பூஞ்சணம் பிடிக்கும்.

அதற்குப் பிறகு நான் அவசரப்பட்டதே இல்லை. கொப்பரைக்கு ஆறு சதவீதம் ஈரம். அதற்கு மேல் போனால் பூஞ்சணம், வியாபாரி வாங்க மாட்டார். ஆறு, ஆறு என்று ஊர் ஊராக ஜபித்திருக்கிறேன். எங்கள் கல்யாண நாளை மறந்திருக்கிறேன், பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆறு சதவீதத்தை ஒரு நாளும் மறந்ததில்லை.

பதினோரு வாடகை வீடு

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பதினோரு வாடகை வீடு பார்த்தவள் ஈஸ்வரி. ஒரு வீட்டில் தாழ்ப்பாளே கிடையாது, அம்மிக் கல்லை நகர்த்தி வைக்க வேண்டும். இன்னொரு வீட்டில் கதவு பாதிதான் சாத்தும். ஆனால் அவளுக்குப் பிடிக்காதது அதெல்லாம் இல்லை, கதவு தட்டும் சத்தம்.

டொக் டொக்கென்று கேட்டால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். "வாங்க ஓனரம்மா" என்று குரலே வேறு மாதிரி ஆகிவிடும். ஓனரம்மா உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். இத்தனை குடம் தண்ணி எதுக்கு, செவுத்துல ஆணி யாரு அடிச்சது, ஒறம்பரை வந்து எத்தன நாளாச்சு. ஒரு புண்ணியவதிக்குத் தட்டுகிற பழக்கமே கிடையாது, அவரிடம் இன்னொரு சாவி இருந்தது.

ஆகவே நாங்கள் வீடு கட்ட ஆரம்பித்தபோது ஈஸ்வரி பளிங்குத் தரை கேட்கவில்லை, அலமாரி கேட்கவில்லை.

"எனக்கு ஒரு நல்ல தலைவாசக் கதவு வேணுமுங்க. சாத்துனா சாத்துனதா இருக்கோணும். யாராச்சும் தட்டுனா நானாத் தொறந்தாத்தான் தொறக்கோணும். வேற எதுவும் நான் கேக்கல" என்றாள்.

"கதவுதானே? என்கிட்ட உட்டுடு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மரம் கொடுத்தது என் மாமனார். கொடுமுடிப் பக்கம் அவர் தோட்டத்தில், ஆடிக் காற்றில் ஒரு பெரிய வேம்பு சாய்ந்துவிட்டது. "எம் புள்ள தலைவாசலுக்கு ஆகட்டும்" என்று அதை அறுத்துப் பலகையாக லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார். என் தொழிலைப் பற்றி அவருக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. "காய வெக்கறதுக்கு ஒரு கம்பெனிங்களா மாப்ள? அப்பறம் வெயிலு எதுக்குங்க இருக்குது?" என்று பெண் பார்க்கப் போன அன்றே கேட்டவர் அவர். அவருக்கு ஒரு பதில் சொல்ல இதுதான் சமயம் என்று நினைத்தேன்.

அந்தோணி சொன்னது

கதவு செய்ய வந்தவர் அந்தோணி. கோவை டவுனில் சர்ச்சுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில், வாயில் எந்நேரமும் ஏதோ ஒரு கோயில் பாட்டு முணுமுணுப்பு. யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். வந்தவர் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"சார், இது இன்னும் பச்சையா இருக்குதுங்க. நெழல்ல அடுக்கி, நடுவுல நடுவுல குச்சி குடுத்து, ஆறேழு மாசம் உட்டுட்டம்னா தானா ஒரு நெலைக்கு வந்துருமுங்க."

"ஆறு மாசமா? அந்தோணி, நான் யாருன்னு தெரியுமல்ல? மூணு வாரத்துல குடுக்கறன் பாருங்க" என்றேன்.

மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கம்பெனியில் சோதனை ஓட்டத்துக்காக வைத்திருக்கும் மிஷினில் பலகைகளை ஏற்றினேன். உடுமலையில் செய்த தப்பைச் செய்யவில்லை. சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினேன். பலகை ஒன்றுகூட வெடிக்கவில்லை, கோணவில்லை. இருபது நாள் கழித்து ஊசியைக் குத்தினால், ஆறு! கொப்பரைக்கே ஆறு போதுமென்றால் கதவுக்கு ஆறு எவ்வளவு உசத்தி என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தோணி பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ரொம்பக் காஞ்சுபோச்சுங்களே சார். அப்பளமாட்ட இருக்குதுங்க."

"காயறதுல ரொம்பென்ன, கொஞ்சமென்ன? காஞ்சா நல்லதுதானே?"

"இல்லீங்க சார்…" என்று ஆரம்பித்தார். நான் ஈரமானியை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவர் பாட்டை முணுமுணுக்கப் போய்விட்டார்.

பலகைகளை இணைத்து முழுக் கதவாகச் செய்தார். அழகென்றால் அப்படி ஓர் அழகு. வாசக்காலில் மாட்டுகிற அன்றைக்கு இன்னொரு பிரச்சினை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அவர் ஒரு ரூபாய் நாணயத்தை விட்டு ஓட்டிப் பார்த்தார்.

"எல்லாப் பக்கமும் காசு மொத்தத்துக்காச்சும் சந்து உடோணுங்க சார்" என்றார்.

இங்கேதான் என் தொழில் என்னைக் குழியில் தள்ளியது. உலர்த்தும் மிஷினின் கதவில் சந்து இருந்தால் சூடெல்லாம் வெளியே போய்விடும். நாங்கள் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்துவோம். தாளை இழுத்தால் வரக்கூடாது. வந்தால் மிஷின் தேறாது. முப்பது வருஷமாகக் கதவென்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"சந்து எதுக்கு? பல்லி வந்து போறதுக்கா?" என்றேன். "தாள் நொழையக் கூடாது அந்தோணி. அப்படிப் பண்ணுங்க."

"மழை வந்தா மரம் உப்புமுங்க சார்."

"ஆறு சதவீதங்க! உப்பறதுக்கு அதுல என்ன இருக்குது?"

அந்தோணி காசைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரிங்க சார். நீங்க படிச்சவங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் "சரிங்க, நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். யார் சொன்னது சரி என்பது பிற்பாடு தெரியும். "ஓரத்துக்காச்சும் வார்னிஷ் அடிச்சரலாங்களா?" என்று போகும்போது ஒரு தடவை கேட்டார். விசேஷம் முடியட்டும் என்றேன். தாள் நுழையாத கதவாக மாட்டிவிட்டு, எட்டு நாள் கழித்து வருகிறேன் என்று போய்விட்டார்.

முறுக்கு நமத்த கதை

ஐப்பசி மழையில் ஒரு தட்டு முறுக்கைத் திறந்து வையுங்கள். சாயங்காலம் எடுத்தால் வளையும். யாராவது அதில் தண்ணீர் ஊற்றினார்களா? இல்லை. காற்றில் இருந்த ஈரத்தை அதுவே வாங்கிக்கொண்டது.

உலர்ந்த பொருள் எதுவானாலும் சுற்றியுள்ள காற்றோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்துதான் தீரும். ஈரம் அதிகமாக இருந்தால் காற்றுக்குக் கொடுக்கும், குறைவாக இருந்தால் காற்றிடமிருந்து எடுக்கும். கொடுக்கல் வாங்கல் சமமான பிறகு அப்படியே நிற்கும். அந்த இடம் பொருளுக்குப் பொருள் வேறு. கொப்பரையில் பாதிக்கு மேல் எண்ணெய், எண்ணெய் தண்ணீரை அண்ட விடாது. அதனால் கொப்பரை ஆறிலேயே நிம்மதியாக இருக்கும். மரம் முழுக்க நார். நம் ஊர்க் காற்றில் மரம் நிற்கிற இடம் பத்து, பன்னிரண்டு, மழைக் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட.

இதை நான் நூறு பேருக்காவது பாடம் எடுத்திருக்கிறேன். முறுக்கு உதாரணம்கூட என்னுடையதுதான். அப்படிப்பட்டவன் வேப்பங்கதவைக் கொப்பரை என்று நினைத்துக் காய வைத்துவிட்டேன்!

கதவு மாட்டிய எட்டு நாளும் விடாத மழை. விசேஷத்தன்றைக்குத்தான் திறப்பது என்று அதைச் சாத்தியே வைத்திருந்தோம், வேலை செய்கிறவர்கள் போய் வரப் பின்கதவு. சுவரில் பூச்சு இன்னும் முழுதாக ஆறவில்லை. போதாததற்கு விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்த ஒறம்பரைப் பெண்கள் குடம் குடமாக ஊற்றித் தரையைக் கழுவித் தள்ளினார்கள். தாகத்தோடு நின்றிருந்த மரம் குடித்தது. குடித்துப் பக்கவாட்டில் பெருத்தது. பெருக்க இடம் வேண்டுமே. காசு மொத்தத்துக்குக்கூட நான் இடம் விடவில்லை.

ஏழு பத்து

இப்போது மறுபடி வாசலுக்கு வாருங்கள். மணி ஏழு பத்து. ஆளாளுக்கு யோசனை.

"ஓங்கி ஒரு ஒதை உட்டாத் தொறந்துக்கும்" என்றார் ஒரு பங்காளி.

"தலைவாசலக் கால்ல ஒதைக்கறதா? நாக்கக் கடிச்சுக்கோங்க" என்று நாலைந்து பெண்கள் ஒரே குரலில் அதட்டினார்கள்.

யாரோ சுத்தியல் எடுத்து வரச் சொன்னதும் ஐயர் இரண்டு கையையும் ஆட்டினார். சாப்பிட வந்திருந்த அந்தோணி, இலை போடும் பந்தலிலிருந்து ஓடி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. பின்கதவு வழியாக உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். ஒரு சத்தம் கேட்டது. "தொறந்துக்கிச்சா?" என்று கத்தினேன். "கைப்பிடி கையோட வந்துருச்சுங்க சார்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அப்பறம் என்ன, எல்லாரும் பொறக்கடை வழியாவே போயிரலாம். நேரந்தானுங்க முக்கியம்" என்றது ஒரு குரல். சிலர் நகரவும் ஆரம்பித்தார்கள்.

ஈஸ்வரி நகரவில்லை. குடத்தை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பதனோரு ஊட்டுல அடுத்தவிய சொன்ன வழியிலதான் போய் வந்தன்" என்றாள். "எஞ் சொந்த ஊட்டுக்கு மொத மொதல்ல பொறக்கடை வழியாப் போகமாட்டன். நேரம் போனாப் போகட்டும். இந்தக் கொடத்தோட இங்கியே உக்காந்துக்கறன்."

நகர்ந்தவர்கள் நின்றார்கள். வீடியோக்காரர்கூடக் கேமராவைக் கீழே இறக்கினார். ஈஸ்வரி என் பக்கம் திரும்பினாள். "என்னாச்சுங்க? நெசத்தச் சொல்லுங்க."

"நாந்தான் அம்மிணி. ரொம்பக் காய வெச்சுப்போட்டன். அந்தோணி சந்து உடோணும்னாரு, நாந்தான் கேக்கல."

என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக ஒரு நாளும் உணர்ந்ததில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கதவு. பட்டு வேட்டியோடு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"வெயில்ல போட்டிருந்தா இந்தக் கெரகம் இல்லீங்க மாப்ள" என்றார் மாமனார், மிக மரியாதையாக.

மாட்டுக்காரி ரங்கம்மா அதுவரை பேசவே இல்லை. பக்கத்துத் தோட்டம். மாடும் கன்றும் அவளுடையவை. புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "ஏனுங்க, இந்தக் கதவு உள் பக்கமாத்தானுங்க தொறக்கும்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்பக் கன்னுக்குட்டியப் பொறக்கடையால உள்ளாற கொண்டுபோய் உடுங்க. கன்னு கத்துனா இந்த மாடு கதவென்ன, செவுத்தவே தள்ளும்."

ஐயர் யோசித்தார். "கன்னு முன்னாடி போகலாங்களா சாமி?" என்று யாரோ கேட்டார்கள். "கன்னு கணக்குல வராது. சீக்கிரம் ஆகட்டும்" என்றார். அவருக்கு எட்டரைக்கு வேறொரு வீட்டில் விசேஷம்.

அந்தோணி வந்து கன்றைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஓடினார். கொஞ்ச நேரத்தில் காலிக் கூடத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "ம்ம்மே!" புது வீடு, சாமான் ஒன்றும் இல்லை, அந்தச் சத்தம் நாலு மடங்காகக் கேட்டது.

பசு காதைத் தூக்கியது. எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆகவே கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். அது நேராகப் படியேறி, நெற்றிக் குங்குமத்தோடு தலையைக் கதவில் வைத்தது. முதல் தள்ளலில் வாசக்கால் முனகியது. இரண்டாவதில் தோரணம் அறுந்து ஐயர் தலையில் விழுந்தது. கன்று உள்ளே இன்னொரு தடவை கத்தியது. மூன்றாவது தள்ளலில் கதவு 'கிரீச்' என்று அலறிக்கொண்டு திறந்தது.

மாடு உள்ளே போனது. அதன் பின்னால் நானும் போனேன், கயிறு இழுத்த வேகத்தில், இடது காலா வலது காலா என்று எனக்கே தெரியவில்லை. குப்புற விழுந்து நிமிர்ந்து பார்த்தபோது, ஈஸ்வரி குடம் தளும்பாமல், வலது காலை எடுத்து வைத்து நிதானமாக வாசல் தாண்டிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "ஏழு இருபத்தெட்டு!" என்று ஐயர் கத்தினார்.

உள்ளே போன பசு கூடத்தின் நட்டநடுவில் நின்று தாராளமாகக் கோமியம் பெய்தது. நல்ல சகுனம் என்று கூட்டமே பூரித்துப்போனது. தரையில் இன்னும் கொஞ்சம் ஈரம் என்று எனக்கு மட்டும் தோன்றியது.

சாத்தாத கதவு

திறந்த கதவு அதற்குப் பிறகு சாத்த மாட்டேன் என்றது. சட்டம் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுகொண்டது.

அந்தப் பக்கத்தில் கதவு சாத்தாமல் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. மலையிலிருந்து யானை இறங்குகிற இடம். "ஆனை வந்தா ஆளத் தேடாதுங்க, அரிசியத்தான் தேடும்" என்று ரங்கம்மா ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். ஈஸ்வரி அரிசி டிரம்மைக் குளியலறைக்கு மாற்றினாள். பொழுது சாய்ந்தால் நானும் அவளும் பீரோவைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுப்போம். அப்போது மட்டும் என்னோடு பேசுவாள். "அக்கட்டால புடிங்க." "மெதுவா." அவ்வளவுதான்.

இதற்கு அம்மிக் கல்லே தேவலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்லவில்லை.

"இன்னைக்கே இழைச்சுத் தள்ளிருங்க" என்று அந்தோணியைக் கெஞ்சினேன்.

"இப்ப இழைச்சா இன்னும் உப்புமுங்க சார், மறுக்காவும் இழைக்கோணும். கண்டமேனிக்கு இழைச்சுட்டா சித்திரை வெயிலுக்குச் சந்துல பாம்பே வந்துபோகும். குடிக்கறத எல்லாம் குடிச்சு முடிக்கட்டுமுங்க."

"குடிச்சு முடிச்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"அது உங்களுக்குத்தானுங்க தெரியும்" என்றார். நிஜமாகவே மரியாதையாகத்தான் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அதே வேம்பில், அதே மிஷினில் காய்ந்த ஒரு துண்டுக் கட்டை மீந்து கிடந்தது. அதைக் கதவுக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தினமும் காலையில் ஈஸ்வரியின் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். ஈரம் ஏறுகிற வரைக்கும் எடை ஏறும். எடை நின்றுவிட்டால் காற்றும் மரமும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். எங்கள் தொழிலில் இதைவிட எளிமையான, இதைவிட நம்பகமான முறை இல்லை.

முதல் வாரம் ஏறிக்கொண்டே இருந்தது. ஈஸ்வரி அரிசி களைந்துகொண்டே ஓரக் கண்ணால் பார்ப்பாள், கேட்க மாட்டாள். இரண்டாவது வாரம் ஏற்றம் குறைந்தது. ஒரு காலையில், நான் தராசுக்கு வருவதற்கு முன்பே அவள் கட்டையை அதில் வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"மூணு நாளா ஒரே எடைதானுங்க. நின்னுபோச்சு" என்றாள்.

கதவில் ஈரமானியைக் குத்தினேன். பதின்மூன்று. அந்தோணிக்கு போன் போட்டேன்.

வந்தார், கதவைக் கழற்றினார், இழைத்தார். வாசல் பூராவும் வேப்பஞ்சுருள், கசப்பு வாசனை. பசுவின் கொம்பு உரசிய இரண்டு கீறலை இழைக்கப் போனவரை ஈஸ்வரி தடுத்துவிட்டாள், அது இன்னும் இருக்கிறது. இந்த முறை நாலு ஓரத்துக்கும் வார்னிஷ் அடித்தார். மறுநாள் மாட்டியதும், "அக்கா, ஒரு ரூவாக் காசு இருந்தாக் குடுங்க" என்றார். ஈஸ்வரி கொடுத்தாள். காசு மேலிருந்து கீழ் வரைக்கும் எங்கும் தட்டாமல் போனது.

அந்தோணி போன பிறகு ஈஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க வெளிய போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"போங்கன்னாப் போங்களே."

போனேன். கதவு சத்தமே இல்லாமல் சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தூறல் போட ஆரம்பித்திருந்தது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்தேன், திறக்கிற வழியாகத் தெரியவில்லை. தட்டினேன். டொக் டொக்.

ஓடி வருகிற காலடி இல்லை. வளையல் சத்தம் இல்லை. கொஞ்சம் கழித்து, அவசரமே இல்லாமல் ஒரு குரல் வந்தது.

"யாருங்க அது?"

பதினோரு வீட்டில் இருபத்திரண்டு வருஷம் கேட்ட குரல் இல்லை அது.

"ஓனரம்மா இருக்கறாங்களா?" என்றேன்.

உள்ளே வளையல் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்தது.

"நாந்தானுங்க ஓனரம்மா. என்ன வேணும்?"

"குடியிருக்க எடம் கெடைக்குமான்னு கேக்க வந்தனுங்க."

"எத்தன பேரு?"

"ஒரே ஆளுதானுங்க."

"கையில என்ன வெச்சிருக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். ஈரமானி. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"அத அங்கியே திண்டு மேல வெச்சுப்போட்டு வாங்க" என்றது குரல்.

வாசல் திண்ணையில் வைத்தேன். தாழ்ப்பாள் விலகியது.